துறைமுகப் பக்கம் திருப்பாத குழாய்

இந்த இத்தாலியத் துறைமுக நகரில், கப்பல்களைப் பார்ப்பதற்கென்றே கரையோரம் தொலைநோக்கிகளை நட்டுவைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் வரிசையில் நின்று, நங்கூரமிட்ட கப்பல்களின் பெயர்களை உரக்க வாசிக்கிறார்கள். அந்த இடத்தை நான் இன்னும் வேகமாகவே கடக்கிறேன்.

மறுமலர்ச்சிக்கால வானியலாளர்களைப் பற்றி இளையோருக்காக எழுதப்பட்ட நாவல்களே என் ஆய்வுப் பொருள். பலவற்றில் ஒரு காட்சி வரும்: வானியலாளர் தம் புதிய தொலைநோக்கிக் குழாயை நகரப் பெரியோரிடம் கொடுக்கிறார், மணிக்கூண்டில் ஏறிய அவர்கள் முதலில் பார்ப்பது நிலவை அல்ல, தொலைவில் வரும் கப்பலை. கைதட்டல் எழுகிறது. அந்தப் பக்கத்தை மட்டும் வேகமாகப் புரட்டிவிடுவேன் என்று வகுப்பில் சொன்னேன். "உங்கள் மதத்தில் கடலைப் பார்ப்பது பாவமா?" என்று உடன் படிக்கும் மார்த்தா பரிவோடு கேட்டாள். "இல்லை, எங்கள் துறைமுகத்தில் காவல் உண்டு" என்றேன். கப்பல்களுக்கான பாதுகாப்பென்று எடுத்துக்கொண்டு, நல்லதுதானே என்றாள்.

திருகோணமலையில் எங்கள் வீடு உவர்மலைச் சரிவில். மொட்டைமாடியில் நின்றால் உள்துறைமுகமும் அப்பால் சீனன்குடாவும் தெரியும். போர்க்காலத்தில், உளவு பார்ப்பதாகக் கடற்படையினர் நினைத்துவிடக்கூடாதென்று, அங்கே உடுப்புக் காயப்போடும்போதுகூட அம்மா கடலுக்கு முதுகு காட்டியே நிற்பாராம். குழாயைக் கடல்பக்கம் திருப்ப இன்றும் தடை உண்டா என்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் எவரும் கேட்டுப் பார்த்ததில்லை.

அந்த நாவல்களில் ஒன்றை நான் தமிழாக்கி அனுப்ப, பதினைந்து வயதுத் தங்கை தாரணி, நிலவின் பள்ளங்களைத் தானே பார்க்கவேண்டுமென்று அடம்பிடித்தாள். ஊருக்குப் போன தோழியிடம் சிறு தொலைநோக்கியொன்றைக் கொடுத்தனுப்பினேன். அம்மா அதை அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

"வானத்தைத்தானே அம்மா பாக்கப்போறன்!" தொலைபேசியில் தாரணியின் அழுகை கேட்டது.

"வானமும் கடலும் பக்கத்தில பக்கத்திலதானே கிடக்கு. நீ எதைப் பாக்கிறாய் எண்டு தூர நிக்கிறவனுக்கு விளங்குமே?"

"அப்ப, 'நிலா பாக்கிறம்' எண்டு மூண்டு மொழியிலயும் போர்ட் எழுதித் தொங்கவிடுறன்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பூட்டும் திறந்தது, ஒரு நிபந்தனையோடு: "நிலவு உச்சியில நிக்கேக்க பார். துறைமுகப் பக்கம் சாயத் தொடங்கினா மூடிப்போடவேணும்."

சென்ற வாரம் அரைநிலவு. காணொளி அழைப்பில் நானும் இருந்தேன். அம்மாவும் ஒருமுறை கண்ணை வைத்துப் பார்த்தார். "ஐயோ, அம்மாள் வருத்தம் வந்து மாறின தழும்பு முகம் மாதிரியெல்லே கிடக்கு!" பிறகு குரல் மாறியது. "சாயுது பிள்ளை. மூடு."

"அக்கா, இன்னும் கொஞ்ச நேரம் எண்டு சொல்லுங்கோ. பாக்கிறதை ஆரும் தடுக்க ஏலாதெண்டு நீங்கள்தானே தமிழில எழுதினனீங்கள்?"

ஓம், அந்த வாக்கியத்துக்காக நான் ஒரு மாலை முழுவதும் சொல் தேடியிருந்தேன். அங்கே சாயும் நிலவு, என் ஜன்னலுக்கு வெளியே, பகல் வெளிச்சம் இன்னும் மங்காத வானில், கப்பல்களுக்கு மேலாக இப்போதுதான் ஏறிக்கொண்டிருந்தது. இங்கே என்னை எவரும் தடுக்கப்போவதில்லை.

"மூடு, தாரணி" என்றேன்.