ஷீலாவுக்கு ரெண்டு விசில்

2023 டிசம்பர் 2. ராஜகீழ்ப்பாக்கத்தில் எதிர்வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் கிறிஸ்துமஸ் ஸ்டார் ஏறியாகிவிட்டது. நம் பால்கனி மட்டும் இருட்டாக இருக்கிறதே என்று ஷீலா ஸ்டூல் போட்டு ஏறினார். ஸ்டார் மேலே நின்றது. ஷீலா கீழே வந்துவிட்டார். பின்மண்டையில் அடி.

ஷீலாவுக்கு வயது நாற்பத்து நான்கு. தாம்பரத்துக்கும் வேளச்சேரிக்கும் இடையே ஓடும் மாநகரப் பேருந்தில் கண்டக்டர். படிக்கட்டில் தொங்குகிறவர்களை, "உள்ள வாப்பா, உன் மாமியாருக்கு யாரு பதில் சொல்றது?" என்று அதட்டுவார். கல்யாணம் ஆகாதவர்கள்கூட வெட்கப்பட்டு உள்ளே வந்துவிடுவார்கள்.

காயம் ஆறியது. தலைசுற்றலும் நின்றது. ஆனால் டாக்டர் உடனே விடவில்லை. டிக்கெட் கிழித்துக்கொண்டே படிக்கட்டையும் கவனிக்க வேண்டிய வேலை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மனம் சட்டென்று தாவுகிறதா என்று சோதிக்கச் சொன்னார். தாவவில்லை என்றால் பஸ் கிடையாது. டெப்போவில் நாற்காலி வேலை.

"நீ மொதல்ல பாஸ் பண்ணு தாயே," என்றார் கணவர் ஆல்வின். ஏ.சி. மெக்கானிக். "டெப்போவுல யார்கிட்ட சண்டை போடுவ? எல்லாத்தையும் சேத்து வச்சு வூட்டுக்கு எடுத்துகினு வருவ. நான் தாங்க மாட்டேன்."

மார்ச் மாதம் பொத்தேரியில் ஒரு கல்லூரியின் உளவியல் துறைக்குப் போனார்கள். சோதனை நடத்தியவர் ரேஷ்மா என்ற ஆராய்ச்சி மாணவி. மேஜையில் நான்கு சீட்டுகள் வரிசையாக இருந்தன: ஒரு சிவப்பு முக்கோணம், இரண்டு பச்சை நட்சத்திரம், மூன்று மஞ்சள் சிலுவை, நான்கு நீல வட்டம். ஷீலாவின் கையில் ஒரு கட்டு. ஒவ்வொரு சீட்டையும் அந்த நான்கில் ஒன்றோடு சேர்க்க வேண்டும். எதை வைத்துச் சேர்ப்பது, நிறமா, உருவமா, எண்ணிக்கையா? அதைச் சொல்ல மாட்டார்கள். வைத்தபின் சரியா தப்பா என்று மட்டும் சொல்வார்கள். பிடிபட்ட பிறகு, சத்தமில்லாமல் விதியை மாற்றிவிடுவார்கள். பழையதை விட்டுவிட்டுப் புதியதைத் தேடுகிறோமா என்பதுதான் சோதனை.

"ஸ்டார் வேற வச்சிருக்கியாம்மா? அதால விழுந்துதான் இங்க வந்திருக்கேன்," என்றார் ஷீலா.

ரேஷ்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கக் கூடாது என்று அடக்கிக்கொண்டார்.

ஷீலா நிறத்தைப் பிடித்தார். பிடித்தவர் விடவே இல்லை. விதி மாறியது, ஷீலா மாறவில்லை. கட்டு தீரும்வரை சிவப்புக்குச் சிவப்பு, பச்சைக்குப் பச்சை.

மறுவாரம் பேராசிரியர் யக்ஞநாராயணன் கூப்பிட்டு, தயங்கித் தயங்கி முடிவைச் சொன்னார். ஷீலாவின் முகம் சுருங்கியது. பிறகு சிவந்தது.

"சார், எங்க தப்பு பண்ணேன்? இந்தப் பொண்ணு ஒவ்வொரு சீட்டுக்கும் சரின்னுதானே சொல்லிச்சு!"

"இல்லக்கா, நான் தப்புன்னு..." என்று ஆரம்பித்த ரேஷ்மா நிறுத்திக்கொண்டார். ஷீலாவின் சம்மதத்தோடு எடுத்த ஒலிப்பதிவு இருந்தது. போட்டுக் கேட்டார்கள்.

காதருகே வைத்தால் மட்டும் கேட்கும் குரலில், "தப்பு." உடனே, பளிச்சென்று, "சரிக்கா, அடுத்தது." மறுபடி முணுமுணுப்பாக "தப்பு." மறுபடி உரக்க, "சரிக்கா."

ரேஷ்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "சார், அம்மா வயசுல இருக்கறவங்கள மூஞ்சிக்கு நேரா தப்பு தப்புன்னு எப்படி சார் சொல்றது?"

"மொதல்ல என்னவோ சொல்லிட்டு, அப்புறம் சரின்னு திருத்திக்கிதுன்னு நெனச்சேன்," என்றார் ஷீலா. பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். அந்த முடிவு செல்லாது என்று அங்கேயே எழுதினார். சில வாரம் கழித்து, வேறு படங்கள் கொண்ட சீட்டுக்கட்டில் புதிதாகச் சோதிக்கலாம்.

"சரிங்கற வார்த்தையே வேண்டாம். ரைட்டு, ராங்னு சொல்லிடலாமா?" என்று கேட்டார் பேராசிரியர்.

"ரைட்டுன்னா வண்டிய எடுன்னு அர்த்தம் சார்," என்றார் ஷீலா.

தினமும் பஸ்ஸில் வரும் ரேஷ்மா நிமிர்ந்தார். "அப்ப விசிலே ஊதிடலாம் சார். ஒண்ணு ஊதினா நிறுத்து, தப்பு. ரெண்டு ஊதினா போலாம், சரி. விசிலுக்கு மரியாதை கிடையாதுல்ல?"

அடையாளம் எதுவானாலும் மாறாமல் இருந்தால் போதும், அறிக்கையில் குறிப்பிட்டுவிடலாம் என்று பேராசிரியர் ஒத்துக்கொண்டார்.

ஏப்ரல் கடைசியில் இரண்டாவது சோதனை. ரேஷ்மா தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்தில் புது விசில் வாங்கி வந்திருந்தார். இந்தத் தடவை சீட்டில் இலை, மீன், குடை, மணி. ஆல்வின் வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கதவு சாத்தியிருந்தது, விசில் மட்டும் வெளியே வந்தது.

முதலில் ஒற்றை. பிறகு இரட்டை, இரட்டை, இரட்டை. ஆல்வின் காலாட்டத் தொடங்கினார். திடீரென்று ஒற்றை. கால் நின்றது. மறுபடியும் ஒற்றை.

உள்ளே ஷீலா கையிலிருந்த சீட்டை உற்றுப் பார்த்தார். "ரூட்ட மாத்திட்டியா?"

ரேஷ்மா விசிலை வாயிலிருந்து எடுக்கவே இல்லை. பதில் சொல்லக் கூடாது.

ஷீலா நிறத்தை விட்டார். மூன்று சிவப்பு மீனைச் சிவப்பு இலையோடு சேர்க்காமல் மீனுக்குக் கீழே வைத்தார்.

இரட்டை.

"அப்படி வா!"

அதற்கப்புறம் ரேஷ்மா விதியை மாற்ற மாற்ற, ஷீலாவும் ஓரிரு சீட்டிலேயே மாறினார். அடுத்த அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, "இங்க என்ன, பஸ் ஸ்டாப்பா?" என்று கேட்டார். "ஆமா சார், வேளச்சேரி போவுது, ஏறிக்கங்க," என்றார் ஆல்வின்.

கட்டு தீர்ந்ததும் ரேஷ்மாவுக்கு மூச்சு வாங்கியது. "அக்கா, தினமும் எப்படிக்கா ஊதறீங்க?"

"கோவம் வரணும்மா. உனக்கு அதுதான் வரமாட்டேங்குது."

அறிக்கை டாக்டருக்குப் போனது. மற்ற பரிசோதனைகளோடு சேர்த்துப் பார்த்துவிட்டு அவர் கையெழுத்துப் போட்டார். வீட்டுக்கு வந்ததும் ஷீலா காக்கிச் சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்தார். ஸ்டூலை ஆல்வின் மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்ப் பூட்டி வைத்தார்.

திங்கட்கிழமை ஷீலாவுக்குக் காலை ஷிப்டு, தாம்பரத்திலிருந்து.