காளிராஜின் சல்யூட்

ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் முக்கில் பதினெட்டு வருஷம் கையைத் தூக்கி நின்றவர் டிராபிக் கான்ஸ்டபிள் காளிராஜ். தென்காசி லாரியும் மில் பஸ்ஸும் அந்த வலது கைக்குத்தான் நின்றன. அதே ஸ்டேஷனில் நான் ரைட்டர். யார் என்ன சொன்னாலும் எழுதி வைப்பது என் பிழைப்பு.

1986 சித்திரையில் ஒரு காலை, அந்தக் கை எழும்ப மாட்டேன் என்றது. ஸ்ரீவில்லிபுத்தூரில் எலும்பு டாக்டர் சாரங்கபாணியிடம் நான்தான் கூட்டிப் போனேன். அவர் ஒரு முஷ்டியை மறு உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

"தோள்மூட்டு இம்புட்டுத்தான். பெரிய குண்டு, ஆழமில்லாத குழி. குண்டு நழுவாம நாலு சின்னத் தசை இழுத்துப் பிடிச்சிருக்கு. அதுல மேல இருக்கறதுதான் கையை உடம்பை விட்டுக் கிளப்பும். பொறவுதான் தோள் மேல இருக்க பெரிய தசை தூக்கும். உங்களுக்குக் கிளப்புறது நைஞ்சு அறுந்துபோச்சு."

"செல்ஃப் எடுக்காத லாரி மாதிரியா டாக்டர்?"

"அதேதான். தள்ளிவிட்டா ஓடும்."

ஆபரேஷனுக்கு மதுரை போகச் சொன்னார். காளிராஜ் போகவில்லை.

"கை போச்சுன்னு தெரிஞ்சா அன்ஃபிட்னு வீட்டுக்கு அனுப்பிருவாவ ரைட்டரே. மூணு பொட்டப் பிள்ளைய வச்சுக்கிட்டு எங்க போவேன்?"

ரோட்டில் இடது கையால் லேசாகத் தள்ளிவிட்டுச் சமாளித்தார். சல்யூட்தான் வம்பு. விறைப்பாக நிற்பவன் இடது கையை அசைக்கக் கூடாதே! அதனால் வலப்பக்கம் சாய்வார். கை உடம்பை விட்டு விலகித் தொங்கும். அது போதும், மிச்சத்தைப் பெரிய தசை பார்த்துக்கொள்ளும்.

புதிதாக வந்த இன்ஸ்பெக்டர் இந்தச் சாய்வைப் பார்த்தார்.

"என்னய்யா தள்ளாடுற? காலையிலயே ஊத்திக்கிட்டியா?"

"இல்லைங்கய்யா."

"அப்ப ஆஸ்பத்திரிக்குப் போ. டாக்டர் பார்க்கட்டும்."

காளிராஜுக்கு முகம் செத்துப்போனது. அங்கே போனால் குடிக்காதவன் ஏன் சாய்கிறான் என்று சட்டையைக் கழற்று, கையைத் தூக்கு என்பார்கள்.

"குடிச்சேன்யா," என்றார், பீடிகூடத் தொடாத மனுஷன்.

வாக்குமூலத்தை எழுதியவன் நான். பொய் என்று தெரிந்தே எழுதினேன். சம்பள உயர்வை வெட்டியதோடு விட்டார்கள்; வேலை தப்பியது, பெயர் தப்பவில்லை. ஊருக்குக் கேட்கவா வேண்டும்! அவர் மனைவி சண்முகத்தாய் ரேஷன் கடை வரிசையில் நின்றால் பின்னாலேயே கிசுகிசு ஓடும்.

"அவிய வாயை மோந்து பாருங்கட்டின்னு கத்தணும்போல இருக்கு அண்ணாச்சி," என்றார் என்னிடம். "கத்துனா சோறு போயிரும்."

அப்படியே எட்டு வருஷம் ஓட்டினார்கள். 1994-ல் காளிராஜ் ஓய்வு பெற்றார். ஸ்டேஷன் வாசலில் பந்தல், மைக். பெரிய அதிகாரி பழைய பதிவேட்டைப் புரட்டிவிட்டு வந்து பேசினார். "குடியை விட்டுத் திருந்தி, எட்டு வருஷமா ஒரு புகாருக்கு இடம் கொடுக்காத மனிதர். இளைஞர்கள் இவரைப் பார்த்துக் கத்துக்கணும்." கைதட்டல் அடங்கச் செத்த நேரம் ஆனது.

"இனி என்ன பயம்? இப்பவாவது சொல்லும்," என்று அவர் காதில் சொன்னேன்.

"யாரு ரைட்டரே மொதல்லருந்து விளக்கிக்கிட்டு இருக்கது? அசதியா இருக்கு."

மைக்கைப் பிடித்தார். "எல்லாம் எங்க வீட்டுக்காரி பிடிவாதம்தான்யா. அவதான் விட வச்சா."

சண்முகத்தாயை எழுந்து நிற்கச் சொன்னார்கள். அவர் எழுந்து கூட்டத்தைக் கும்பிட்டார். கும்பிட்ட கையோடு வாய்விட்டு அழுதார். சந்தோஷத்தில் அழுகிறார் என்று இன்னும் பலமாகத் தட்டினார்கள். நானும் தட்டினேன்.