நைனாவின் கடிதமும் நாற்பது எழுத்துருக்களும்

புது லேப்டாப்பில் அந்தப் பழைய கோப்பைத் திறந்தேன். பக்கம் முழுக்கக் கேள்விக்குறி, வால் முளைத்த ஆங்கில எழுத்து, நடுநடுவே டாலர் குறி. ஒரு மண்ணும் புரியவில்லை.

போன வாரம் அக்கா போனில் கேட்டாள்: "நைனா எம்மேல கோவத்தோடதான் போய்ச் சேந்தாரா? நெஜத்த சொல்லு." பதில் இந்தக் கோப்பில்தான் இருக்கிறது. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம்; அவர் சொல்லச் சொல்ல அக்காவுக்காக நான் அடித்த கடிதம் இது.

அவர் பேச்சை மீறித்தான் அக்கா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். இரண்டு வருடம் அவர் அவள் பெயரையே எடுக்கவில்லை. பிறகு ஒருநாள் ஆந்திராவிலிருக்கும் எங்கள் ஊர் நகரியிலிருந்து பஸ் ஏறி, திருப்பதியில் நான் வேலை பார்த்த டி.டி.பி. கடைக்கு வந்து நின்றார். கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்போடு போகக்கூடாது, அப்போது அதற்கு அவ்வளவு மடி ஆசாரம்! நைனா செருப்பைக் கையில் பிடித்தபடி, உட்காராமலே சொல்லி முடித்தார். டோனர் வாசனை இருந்ததே தவிர, அன்று பிரிண்டர் மக்கர். நாளைக்கு அனுப்புகிறேன் என்றேன். அந்த நாளைக்குள் சென்னையில் வேலை கிடைத்து, கோப்பைப் பிளாப்பியில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்; கடிதம் போகவே இல்லை. நாள் முழுக்கக் கல்யாணப் பத்திரிகை அடித்த கை. நைனா சொன்னதில் ஒரு வரிகூட மனதில் நிற்கவில்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம், "பதில் வந்துச்சாடா?" என்பார். வரும் வரும் என்பேன். அடுத்த வருடம் அவரே போய்விட்டார். என்னை என்ன சொல்லித் திட்டலாம், நீங்களே சொல்லுங்கள்.

நைனா பேசியது தமிழ். அதனால் கிடைத்த பழைய தமிழ் எழுத்துருவையெல்லாம் போட்டுப் பார்த்தேன். நாற்பது இருக்கும். ஒவ்வொன்றிலும் புதுப்புது உளறல். எனக்கே கிறுக்குப் பிடித்துவிடும் போலிருந்தது. கடைசியில்தான் உறைத்தது. மரமண்டை, அந்த வயதில் எனக்குத் தமிழ் எழுதத் தெரியுமா என்ன? படித்தது தெலுங்கு மீடியம். தமிழ் படிக்கக் கற்றதே சென்னை பஸ் போர்டுகளைப் பார்த்துத்தான். நைனாவின் தமிழைத் தெலுங்கு எழுத்தில் அடித்து வைத்திருக்கிறேன்!

பழைய தெலுங்கு எழுத்துரு ஒன்றைப் போட்டதும் பாதி வந்தது. மீதியை ஊகித்து அக்காவுக்குப் போனில் படித்தேன்.

"கோவமெல்லாம் பூடுச்சி. லீவு குட்த்தா வந்து ஒரு வாய் துன்னுட்டு போ."

கடை இருந்த இடத்தில் இன்று லாட்ஜ். நகரி வீட்டை விற்று எவ்வளவோ காலமாயிற்று.

"நான் வருவேன்னு பாத்துக்கினு இருந்தாரா?"

"ஆமாக்கா," என்றேன். "கடைசி வரைக்கும்."