இன்னொரு தபா கத்து

இருங்காட்டுக்கோட்டையில் எங்கள் கம்பெனி வாசலில் நின்ற காவலாளிக்குக் கழுத்தே கிடையாது. தோள்மேல் நேராகத் தலை. உள்ளே வரும் லாரியின் நம்பரை ஒருமுறைதான் பார்ப்பார். அதை முணுமுணுத்துக்கொண்டே எடைமேடை அறைவரை நடந்துபோய்ச் சொல்லி எழுதவைப்பார். நடுவில் யாராவது பேசினால் பேசியவர் முதுகில் கம்பு விழும். அடி வாங்காத டிரைவர் கிடையாது.

ஒரு மாலை, அவரோடு தினமும் டீ குடிக்கும் கான்ட்ராக்ட் தொழிலாளி ஒருவரை, வாசலுக்கு எதிரிலேயே ஒரு லாரி அடித்து இழுத்துக்கொண்டுபோய்ப் போட்டுவிட்டு நிற்காமல் ஓடியது. ரோடெல்லாம் ரத்தம். நம்பரைப் பார்த்தவர் காவலாளி மட்டும்தான். முணுமுணுத்தபடி அறையை நோக்கி ஓடிவந்தார். கூட்டம் கத்தியது. நானும் அவர் காதருகே 108-க்குப் போன் போட்டு, "சீக்கிரம் வாங்கண்ணே, ஆளு துடிக்காரு!" என்று அலறினேன்.

அவர் உதடுகள் நின்றுபோயின. "வாய மூடுங்கடா!" என்று கம்பைச் சுழற்றினார். இரண்டு பேருக்கு மண்டை உடைந்தது. நம்பர் வரவில்லை. லாரியில் அடிபட்டவரும் பிழைக்கவில்லை.

சில நாள் கழித்து என்னை வாசலில் நிறுத்தினார். "அன்னிக்கு போன்ல இன்னா கத்துன? அதே மாரி கத்து. அத்த கேட்டா நம்பரு வரும்."

கத்தினேன். கண்ணை மூடிக் கேட்டார். "டி.என்..." என்று தொடங்கி அங்கேயே நின்றுவிட்டார். கம்பு என் தோளில் இறங்கியது.

மறுநாளும் நிறுத்தினார். "இன்னொரு தபா கத்துடா."

அடி விழும் என்று தெரிந்தேதான் கத்தினேன்.