வலி இல்லை என்று பதிவானவள்

என் மனைவி அனுசுயா திருச்சி தில்லை நகரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் விற்பனையாளர். பச்சைமலையில் பிறந்து துறையூரில் படித்தவள். பிறவியிலேயே அவளுக்கு அரிவாள் செல் நோய் உண்டு. ரத்த அணுக்கள் அரிவாள்போல வளைந்து சிறு நாளங்களை அடைத்துக்கொள்ளும். அப்போது எலும்புக்குள் வலி எடுக்கும். அந்த வலியோடும் கடையில் நின்று, யார் முகத்துக்கு எந்த ஃபிரேம் பொருந்தும் என்று எடுத்துக் காட்டிக்கொண்டிருப்பாள். தாங்க முடியாதபோது அரை நாள் விடுப்புக் கேட்பாள். அவள் உறவுக்காரர் வீட்டு விசேஷங்களுக்குப் போவதாக முதலாளி நினைத்துக்கொண்டிருக்கிறார். அவள் மறுத்ததில்லை.

இந்நோயைப் பார்க்கும் மருத்துவர் சென்னையில் இருக்கிறார். நெடும்பயணம் வலியைத் தூண்டுவதால், ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டிலிருந்தபடியே வீடியோவில் பேசலாம் என்று அவரே ஏற்பாடு செய்தார். அவரிடம் எங்களுக்கு ஒரே ஒரு கடிதம் தேவைப்பட்டது: வலி வந்தால் வலுவான ஊசியைத் தாமதமின்றிப் போடவும் என்று. அது இல்லாததால், அவசரப் பிரிவுகளில் அவளை ஊசிக்கு அடிமையானவள் என்று சந்தேகித்தார்கள்.

அழைப்பு நாளன்று அவளுக்கு இடுப்பில் வலி. இருந்தும் தலை வாரி, பூ வைத்து, பவுடர் போட்டு, பட்டுப் புடவை கட்டிக்கொண்டாள்.

“டாக்டரைப் பாக்கப் போறியா, கல்யாணத்துக்குப் போறியா?” என்றேன்.

“பெரிய டாக்டருங்க. நைட்டியோடயா அவர் முன்னாடி உக்கார்றது?”

மருத்துவர் திரையில் தோன்றி, “எப்படிம்மா இருக்கீங்க?” என்றார்.

“நல்லா இருக்கேன் சார். நீங்க நல்லா இருக்கீங்களா?”

அவருக்குக் கழுத்து வலியாம். அதைப் பற்றிச் சற்று நேரம் பேசினார்கள். வெந்நீர் ஒத்தடம் கொடுக்கும்படி அனுசுயா சொன்னாள். நான் குறுக்கிட்டுக் கடிதத்தைக் கேட்டேன்.

“இப்ப நல்லாத்தானே இருக்காங்க. அடுத்த தடவை பாத்துக்கலாம்.”

மாலையில் அவரது குறிப்பு வந்தது: நோயாளி நலம், வலி இல்லை. அச்செடுத்துக் கோப்பில் வைத்தேன்.

அடுத்த வாரம் அவளால் எழுந்து நிற்கவே முடியவில்லை. ஆட்டோவில் ஏற்றி ஒரு தனியார் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுசென்றேன். கோப்பை முழுமையாக, புதியது மேலே வரும்படி தேதி வரிசையில் ஒப்படைத்தேன். பணியிலிருந்த மருத்துவர் மேலே இருந்த தாளை மட்டும் படித்தார்.

“உங்க டாக்டரே வலி இல்லைன்னு எழுதியிருக்காரே சார்,” என்று ஒரு பாராசிட்டமால் கொடுத்தார்.

வராந்தா பெஞ்சில் சுருண்டு படுத்திருந்த அனுசுயா, “ஏங்க, சென்னைக்கு வீடியோ போடுங்க,” என்றாள்.

“தலை கலைஞ்சிருக்கே.”

“இருக்கட்டும். போடுங்க.”

மருத்துவர் எடுத்தார். சிறிது நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, “யாரும்மா நீங்க?” என்றார்.

“அனுசுயா சார். திருச்சி.”

“போன வாரம் நல்லா இருந்தீங்களே?”

“அன்னைக்கும் வலிதான் சார். பவுடர் போட்டிருந்தேன்.”

“வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்லம்மா.”

“உங்களுக்கே கழுத்து வலின்னீங்க. அதுக்கு மேல நான் என்னத்தைச் சொல்றது?”

 அவர், “போனை அங்க இருக்கற டாக்டர்கிட்ட குடுங்க,” என்றார்.

பணி மருத்துவர் எழுந்து நின்று கேட்டுக்கொண்டார். ஊசி போடப்பட்டது. கண் அயர்வதற்கு முன், முகத்தைத் துடைத்துக்கொள்ள ஈரத்துணி கேட்டாள்.

கடிதம் மறுநாள் வந்தது. இவர் சொல்லும் வலியை நம்பவும், தோற்றத்தைக் கொண்டு மதிப்பிட வேண்டாம் என்று அதில் இருக்கிறது. முந்தைய குறிப்பைத் திருத்தக் கோரித் தனியே விண்ணப்பித்தேன். முடித்த பதிவை மாற்ற மென்பொருளில் வழியில்லை என்று பதில் எழுதினார்கள். ஆகவே, குறிப்பிட்ட அந்த நாளில் என் மனைவிக்கு வலி இல்லை என்றே ஆவணம் இன்றுவரை சொல்கிறது.