வில்டாவின் மறதி

என் நாத்தனார் வில்டாவுக்கு மறதி என்று எங்கள் படகுத்துறையில் ஒரு வருடம் பேச்சு ஓடியது. லூசியானாவின் இந்த உப்புச் சதுப்புக்குள் வெளியூர்க்காரர்களைத் தூண்டில் போடக் கூட்டிப்போய்ப் பிழைக்கிறவள் அவள். மறதிக்காரி என்று பேர் வந்தால் அவள் படகில் யார் ஏறுவார்கள்? உண்மை தெரிந்த நான் வாயில் கொழுக்கட்டையை அடைத்துக்கொண்டு இருந்தேன்.

வில்டாவுக்கு ஐம்பத்தாறு வயது. இரண்டு கல்யாணம் செய்தாள், இரண்டு பேரையும் அவளே துரத்திவிட்டாள். ஆண்கள் மட்டுமே பார்த்த வேலையில் கம்பு ஊன்றி இருபது வருடம் நின்றுபிடித்தவள். அந்த வாயும் திமிரும் எனக்கு ஆகவே ஆகாது. என் வீட்டுக்காரர் ஓவிட் அவளுடைய அண்ணன், சர்க்கரை நோயாளி. காலையில் ஊசி போட்டால் பத்து மணிக்குச் சாப்பிட்டே தீர வேண்டும், இல்லையென்றால் சர்க்கரை இறங்கி மயங்கிவிடுவார். அவரை மீனுக்கு அழைத்துப்போகிறேன் என்று போன அக்டோபரில் அவள் வந்து நின்றபோது, நம்பி அனுப்ப மனமில்லாமல் நானும் படகில் ஏறினேன்.

அந்த மாதத்தில் வாடைக்காற்று சதுப்பிலுள்ள தண்ணீரையெல்லாம் கடலுக்குத் தள்ளிவிடும். தண்ணீர் இறங்க இறங்க மீன்கள் ஆழக்குழிகளில் வந்து குவியும். ஆசைப்பட்டு நின்றால் படகு சேற்றில் உட்கார்ந்துவிடும். நாங்கள் போன குட்டையின் வாயில் ஒரு பழைய மரத்தூண் உண்டு. அதில் ஒட்டிய சிப்பியின் மூன்றாவது வரிசை வெளியே தெரிந்தால் கிளம்பிவிட வேண்டும். ஒன்பது மணிக்கே தெரிந்தது.

"கிளம்பலாம் அண்ணே."

"ஏ புள்ள, ரெண்டு வருசம் கழிச்சு வந்திருக்கேன். வெறுங்கையோடயா போறது?"

வில்டா தூணைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள். "சரி, ஒண்ணே ஒண்ணு" என்றாள். அது அவள் செய்த தப்பு. அதை நான் மறைக்க மாட்டேன்.

அந்த ஒன்று கிடைக்க அரைமணி ஆனது. கை நீளத்துக்குச் சிவப்புக் கத்தாளை மீன். ஓவிட் சின்னப் பிள்ளை மாதிரி கத்தினார். திரும்பினால் குட்டையின் வாயில் தண்ணீரே இல்லை, சேறு பளபளத்தது. போனில் சிக்னலும் இல்லை.

பத்து மணிக்கு ஓவிடின் விரல்கள் நடுங்கின. "எர்லீன், சாப்பாட்டை எடு."

இருக்கைக்கு அடியில் கைவிட்டேன். சாப்பாட்டுப் பை இல்லை. துறையில் வண்டியை விட்டு இறங்கியதும் தலைத்துணியை இறுக்கிக் கட்டுவதற்காக அதை எங்கள் வண்டியின் கூரைமேல் வைத்தது அந்த நொடியே ஞாபகம் வந்தது. ஆனால் என் நாக்கு வேறு சொன்னது.

"வில்டா, பை எங்க? உன் கையிலதானே குடுத்தேன்!"

நான் கொடுக்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். என் முகத்தையே பார்த்தாள். கிழித்துத் தொங்கவிடப்போகிறாள் என்று நினைத்தேன்.

"ஆமா அண்ணி. கரையிலயே வச்சுட்டேன். மறந்துட்டேன்."

"உருப்படுவியாடி நீ!" என்று ஓவிட் கத்தினார்.

வெளியேற ஒரே வழி, தோலுக்காக நீரெலி பிடித்தவர்கள் அந்தக் காலத்தில் வெட்டிய ஒடுங்கிய வாய்க்கால். அதில் முழங்காலுக்கும் குறைவாகத்தான் தண்ணீர். வில்டா நங்கூரத்தை, பேட்டரியை, மீன்பெட்டியை எல்லாம் சேற்றில் வீசினாள். அப்படியும் படகு தரை தட்டியது. திருகுகளைக் கழற்றி எஞ்சினையே சேற்றில் சாய்த்தாள்.

"ஐயோ, உன் பொழப்பாச்சே!"

"அதை அப்புறமாத் தோண்டி எடுத்துக்கலாம் அண்ணி. நீ கம்பை ஊனு."

அவள் மார்பைப் படகின் பின்பக்கம் சாய்த்து, இடுப்புவரை சேற்றில் புதைந்தபடி உதைத்துத் தள்ளினாள். நான் வாழ்க்கையில் முதல்முறையாகக் கம்பு ஊன்றினேன். ஓவிட் வேர்வையில் நனைந்து உளறினார். "அம்மாகிட்டச் சொல்லிடுவேன், வில்டா தள்ளிவிடுறா." அவர் அம்மா செத்துப் பதினெட்டு வருடம். பிறகு உளறலும் நின்றது. கன்னத்தில் அறைந்தேன். கண் பாதிதான் திறந்தது. அவர் போய்விட்டால் கொன்றது நான்தான் என்று தோன்றியது, கம்பு கையில் வழுக்கியது.

"அண்ணி, பார்க்காத! ஊனு!"

வாய்க்கால் பெரிய ஓடையில் சேரும் இடத்தில், நண்டுக்கூடு தூக்கிக்கொண்டிருந்தான் எங்கள் துறை நண்டுக்காரன் அல்சீட். அவனிடம் ஒரு பாட்டில் ஆரஞ்சு சோடா இருந்தது. சொட்டுச்சொட்டாக ஊட்டினோம். கால்மணி கழித்து ஓவிட் கண்ணைத் திறந்து, "என் மீன் எங்க?" என்றார். நான் ஓவென்று அழுதேன்.

அல்சீட் எங்களை இழுத்து வந்து கரை சேர்த்தான். வண்டிக்கூரைமேல் என் பை, கடற்காக்கைகள் கொத்திக் கிடந்தது. உடம்பெல்லாம் சேற்றோடு வில்டா முன்னால் ஓடி, ஓவிட் பார்ப்பதற்குள் அதைக் குப்பையில் போட்டாள். அன்று மாலை ஏன் என்று கேட்டேன்.

"அண்ணன் தினம் உன் கையாலதான் சாப்பிடணும். என் படகுக்கு எப்பவாவதுதான் வருவாரு. யார்மேல கோவம் இருந்தா அண்ணனுக்கு நல்லதுன்னு யோசிச்சேன்."

எஞ்சினைத் தோண்டி எடுத்தாள், அது பழையபடி ஓடவில்லை. ஓவிட் ஊரெல்லாம் தங்கையின் மறதியைச் சொல்லிச் சிரித்தார். வந்துகொண்டிருந்தவர்கள் வேறு படகுக்குப் போனார்கள். நான் பேசவில்லை.

இந்த அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, வெளியூர்த் தம்பதி அவள் படகில் ஏற வந்தார்கள். "வில்டா, ஆளையாவது மறக்காம ஏத்திக்க!" என்றான் அல்சீட். துறையே சிரித்தது, ஓவிடின் சிரிப்புதான் பெரிதாகக் கேட்டது. படகில் வைத்த காலை அந்த வெளியூர்க்காரர் பின்னால் எடுத்தார். வில்டாவும் சிரித்தாள், ஆனால் கயிறு அவிழ்த்த கை அப்படியே நின்றது. எனக்குத் தாங்கவில்லை.

"பையை மறந்தது அவ இல்ல, நான்! வண்டிமேல வச்சுட்டு, பழியை அவ தலையில போட்டேன்!"

சிரிப்பு அடங்கியது. வெளியூர்க்காரர் படகில் ஏறினார். ஓவிட் என்னைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

மறுநாள் காலை ஊசி போட்டுக்கொண்டார். பத்து மணிக்குத் தட்டை வைத்தேன். தொடவில்லை. கெஞ்சினேன். மணி பத்தேகால். விரல்கள் நடுங்க ஆரம்பித்தன.

"வில்டாவைக் கூப்பிடு. அவ வந்து உட்கார்ந்தாத்தான் சாப்பிடுவேன்."

செருப்புகூடப் போடாமல் ஓடினேன்.