ஆறு மணிக்குக் கத்தும் மணிக்கூடு

மணிக்கூட்டைத் தெரிவுசெய்தவள் நான், கட்டப்போகிறவர் என் புருசன். அதனால் கடையிலேயே சண்டை தொடங்கிவிட்டது.

அவர் மட்டக்களப்பு வாவியில் வீச்சுவலை போடுகிறவர். போன வருடம் தோணியில் வைத்தே வலிப்பு வந்து தண்ணீருக்குள் விழுந்தார். கூடப்போன தோணிக் கூட்டாளி குதித்துத் தூக்கியதால் பிழைத்தார். எட்டு மணித்தியாலத்துக்கு ஒரு மாத்திரை, ஒன்றுகூடத் தவறக்கூடாது என்று கிளினிக்கில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். பகல் இரண்டுக்கும் இரவு பத்துக்கும் நான் பக்கத்தில் இருப்பேன். காலை ஆறு மணிக்கு அவர் வாவியில் நிற்பார். கைபேசி கொடுத்துவிடலாமே என்பீர்கள். இரண்டைக் கொடுத்து இரண்டும் வாவிக்குள் போய்விட்டன.

சாதாரண பற்றரி மணிக்கூடும் கட்டிப் பார்த்தாயிற்று. பற்றரி மாற்ற ஒருமுறை பின்மூடியைத் திறந்தால் சரி, அதன் பிறகு உப்புத் தண்ணீருக்கு வழி கிடைத்துவிடும். அதனால்தான் சோலார் மணிக்கூடு தேடினேன். வெளிச்சத்தில் தானாக சார்ஜ் ஏறும், மூடியைத் திறக்கிற வேலையே இல்லை. எங்கட ஊரில் வெயிலுக்கா பஞ்சம்!

கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று முள் வைத்தது. உருக்கு உடம்பு, கீறல் விழாத கண்ணாடி, இருட்டில் முள் பச்சையாக மினுங்கும். மற்றது கறுப்பு றப்பர், இலக்கம் காட்டுவது. கல்லில் விழுந்தாலும் உடையாதாம். சார்ஜ் எவ்வளவு மிச்சம் என்று மூலையில் காட்டுகிறது. நிறைய ஏறிவிட்டால் இருட்டிலே கிடந்தாலும் மாதக்கணக்கில் ஓடுமாம். அலாரமும் உண்டு. சத்தமில்லாமல் அதிர்ந்து சொல்லுகிற ரகமும் இருக்கிறதாம், ஆனால் அவரிடம் இல்லை.

இவர் முள் மணிக்கூட்டை மாட்டிக்கொண்டு கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சும்மா சொல்லக்கூடாது, மனுசனுக்கு மாப்பிள்ளைக் களை வந்துவிட்டது.

"இதில அலாரம் இருக்கா?" என்று கேட்டேன்.

"இதில இல்லக்கா."

"அப்ப கழட்டுங்க."

"இஞ்ச பார், றப்பரக் கட்டிட்டுப் போனா ஆர் மதிப்பாங்க?" என்றார் இவர்.

"நீங்க போறது மீன் புடிக்க. மீனா உங்கள மதிக்கப்போகுது?"

இரண்டுமே இருநூறு மீட்டர் ஆழம் தாங்குமாம். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கட வாவியில் எத்தனையோ இடத்தில் இறங்கி நடக்கலாம். ஆனால் வலிப்பு வந்தவனுக்கு முழங்கால் தண்ணீரே போதும். றப்பர் மணிக்கூட்டை நானே அவர் கையில் கட்டிவிட்டேன்.

அது லேசுப்பட்ட சாமான் இல்லை. தோணி விளிம்பில் அடிபடும், சேற்றில் புதையும், மீன் செதில் ஒட்டிக் காயும். குழாயடியில் பிடித்து ஒரு தேய்ப்புத் தேய்த்தால் புதுசாகிவிடும். ஒரு நிமிடம் பிந்தியதில்லை. அதைச் செய்தவன் நன்றாக இருக்கவேண்டும் என்று கழுவும்போதெல்லாம் நினைப்பேன்.

மூன்றாவது கிழமை மாத்திரையை எண்ணினேன். இரண்டு கூடுதலாகக் கிடந்தது. மணிக்கூட்டைப் பிடுங்கிப் பார்த்தால், அட கடவுளே, அலாரத்தை நிற்பாட்டி வைத்திருக்கிறார்!

வீச்சுவலைக்காரர் தோணியில் இருமக்கூட மாட்டார்கள். துடுப்புச் சத்தம் கேட்டாலே மணலை மீன் கூட்டம் கலைந்துவிடும். மீன் ஒதுங்கி வருவதும் அந்த ஆறு மணிக்குத்தான். இவர் வலையைத் தோளில் போட்டு வீசப்போகிற நேரம் பார்த்து அலாரம் கத்தியிருக்கிறது. "மச்சான், உன்ட கைக்குள்ள கோழிக்குஞ்சு கத்துது, மீனெல்லாம் ஓடிட்டு" என்று கூட்டாளி சிரித்திருக்கிறார். அந்த வெட்கத்தில் இவர் நிற்பாட்டிவிட்டார்.

எனக்கு வந்த கோபத்தில் நேரே துறைக்குப் போனேன். "உங்களுக்கு மணலை பெரிசா, இந்த மனுசன் பெரிசா?" என்று எல்லார் முன்னாலும் கூட்டாளியைக் கேட்டுவிட்டேன். அவர் வலையை அலசிக்கொண்டே இருந்தார். வீட்டுக்கு வந்த பிறகுதான் மனம் சுட்டது. புருசனை உயிரோடு கொண்டுவந்து தந்தவரை அல்லவா ஏசிவிட்டு வந்திருக்கிறேன்.

அடுத்த கிழமை அவர் எங்கள் வாசல் படலையில் வந்து நின்றார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் கையை நீட்டினார். அதே கறுப்பு மணிக்கூடு, புத்தம் புதியது.

"தங்கச்சி, இதில ஆறு மணிக்கு அலாரம் வெச்சுத் தா. இந்தப் பட்டன் ஒண்டும் எனக்கு விளங்குதில்ல."

"உங்களுக்கு என்ன வருத்தம் அண்ணன்? நீங்களும் மாத்திரை போடுறீங்களா?"

"எனக்கென்ன வருத்தம்? நான் நல்லாத்தான் இரிக்கன்."

"அப்ப மீன் ஓடுமே?"

"ஓடட்டும். அவன் தன்ட மணிக்கூட்ட நிப்பாட்டுவான். என்ட கையத் தொட்டுப் பாக்கட்டும் பாப்பம்."